பிணவறையில் ஒரு குட் மார்னிங்

அந்த ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர்கள் யாரும் மொழி சரியில்லை என்று இதுவரை புகார் கொடுத்ததில்லை. இருந்தாலும், பிணவறை ஊழியர் இடைநிலை ஆங்கிலம் பாஸ் செய்தே தீர வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. முடிவெடுத்த கூட்டத்தில் பிஸ்கட் நன்றாக இருந்ததாகக் கேள்வி.

பிணவறை ஊழியரை ஆஸ்பத்திரி முழுக்க ஐஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். குளிர்பெட்டிகளோடு காலம் தள்ளுகிறவர் என்பதால் வந்த பெயர். மற்றபடி யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத மனுஷர். தெரிந்திருந்தால் இத்தனை வருஷமும் தற்காலிக ஊழியராகவே இருந்திருக்க மாட்டார். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்தை ஒட்டி, ஓர் அறையும் சமையலறையுமாக அவருக்கு ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். அதில் அவரும் அவர் மனைவியும் மனைவியின் தையல் மெஷினும் குடியிருந்தார்கள். வேலை நிரந்தரமானால் வீடு நிரந்தரம். வேலை போனால் மூவரும் தெருவில்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. அடையாளம் பார்க்க உறவுக்காரர்கள் வருகிறார்கள் என்று மேலேயிருந்து போன் வந்ததும் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைப்பார். அதை ஒத்தடப் பையில் ஊற்றி, இறந்தவரின் வலது கையில் வைத்து ஒரு துணியால் சுற்றிவிடுவார். வருகிறவர்களுக்கு முகத்தைப் பார்க்கத் தைரியம் வராது. முதலில் கையைத்தான் தொடுவார்கள். தொட்ட கை பனிக்கட்டியாக இருந்தால் பதறிப் பின்வாங்குவார்கள், அப்புறம் ஆயுசுக்கும் அந்தக் குளிர்தான் மனசில் நிற்கும். இதை அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே பார்த்துவிட்டார். அதனால் அவர்கள் வந்து சேருவதற்குள் கையைச் சூடாக்கி, பையை எடுத்து ஒளித்துவிட்டு, கதவைத் திறந்து, "வாங்க. அவசரமே இல்ல. நான் முன்னாடி போறேன், நீங்க மெதுவா பின்னால வாங்க" என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு. இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, சொல்லித்தந்திருந்தால் கெடுத்திருப்பார்கள்.

ஒருநாள் எல்லா ஊழியர்களையும் கேன்டீனில் உட்காரவைத்து நிர்வாக அதிகாரி பேசினார்.

"நம்ம ஆஸ்பத்திரி உலகத்தரத்துக்குப் போயாச்சு. உலகத்தரம்னா என்ன? யார் வந்து என்ன கேட்டாலும் நமக்குப் பதில் தெரியுதோ இல்லையோ, அந்தப் பதில் இங்கிலீஷ்ல இருக்கணும். மக்களோட பேசுற எல்லாரும் இடைநிலைச் சான்றிதழ் வாங்கணும். வாங்கினா வேலை நிரந்தரம். வாங்கலைன்னா உங்க விருப்பம், வேற எங்கயாவது போய்த் தமிழ்ல பேசிக்கலாம்."

ஐஸ் அண்ணன் கை தூக்கினார். "சார், என்கிட்ட வர்றவங்க யாரும் பேச மாட்டாங்களே?"

"அது அவங்க குறை. அதுக்காக நாம தரத்தைக் குறைச்சுக்க முடியுமா?" அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல கருத்து வரும்போது அவர் அப்படிச் செய்வார். "யோசிச்சுப் பாருங்க. இந்த ஆஸ்பத்திரிக்கு உள்ள வர ஒரு வழி, ரிசப்ஷன். வெளிய போக ரெண்டு வழி. பில் கவுன்டர் ஒண்ணு, நீங்க ஒண்ணு. பில் கவுன்டர்ல எப்படியும் திட்டிட்டுத்தான் போவாங்க. வாடிக்கையாளர் மனசுல கடைசியா ஒரு நல்ல அபிப்பிராயம் விழணும்னா நமக்கு இருக்கிற ஒரே வாய்ப்பு நீங்கதான்."

தன்னை இவ்வளவு பெரிய ஆளாக ஒருவர் சொல்லி ஐஸ் அண்ணன் கேட்டதில்லை. பயந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட அவர் மனைவி மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "செத்தவங்ககிட்டயே இங்கிலீஷ் கேக்குறாங்கன்னா பொழைக்கிறவங்க கத்துக்கிட்டுத்தான் ஆகணும். போங்க. கேக்குறதைச் சொல்லிட்டு, குடுக்குறதை வாங்கிட்டு வாங்க. எனக்கு இந்தக் கூரை வேணும்."

ஆஸ்பத்திரி ஒப்பந்தம் போட்டிருந்தது இடைநிலை ஆங்கில மீள்பார்வை மையத்தோடு. டயர் கடைக்கு மேலே முதல் மாடி. படியேறியதும் இரண்டு பலகைகள். ஒன்றில் 'இடைநிலை' என்று எழுதி வகுப்பறையைக் காட்டி அம்புக்குறி. இன்னொன்றில் 'மேல்நிலை' என்று எழுதி மாடிப்படியைக் காட்டி அம்புக்குறி. அந்தப் படியின் முடிவில் பூட்டிய கதவு, கதவுக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டி. மையம் ஆரம்பித்ததிலிருந்து அந்தக் கதவைத் திறந்தவர் பிளம்பர் ஒருவர்தான்.

மையத்தின் இயக்குநர் டையைச் சரிசெய்துகொண்டு வரவேற்றார். "ஒரு விஷயத்தை முதல்லயே தெளிவுபடுத்திடுறேன். இங்க நாங்க எதையும் கத்துத்தர்றதில்ல. மீள்பார்வை மட்டும்தான். ஏற்கெனவே தெரிஞ்சதை ஞாபகப்படுத்துவோம். தெரியலைன்னா அது உங்களுக்கும் நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துக்கும் இருக்கிற பிரச்சினை."

"சார், நான் பள்ளிக்கூடமே சரியாப் போகலையே," என்றார் ஐஸ் அண்ணன். "முதல் பார்வையே பாக்காதவன் மறுபார்வை எப்படி சார் பாக்குறது?"

"அதனாலதான் உங்களை இடைநிலைன்னு சொல்றோம். ஆரம்பமும் தெரியாம முடிவும் தெரியாம நடுவுல நிக்கிறீங்க பாருங்க, அதுதான் இடைநிலை." இயக்குநருக்குத் தன் விளக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது. அதை டைரியில் குறித்துக்கொண்டார்.

வகுப்பெடுத்தவர் மணி மேடம். அவர் மேசையில் ஹோட்டல் கவுன்டரில் இருக்கிற மாதிரி ஒரு தட்டுமணி இருக்கும். யாராவது ஒரு தமிழ்ச் சொல்லை வாய்தவறி விட்டால் டிங். அந்த ஆள் எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போய் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். அரைகுறையாகப் பதில் சொன்னால் மணி அடிக்க மாட்டார். காது கேட்காதவர்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். "முழு வாக்கியத்தில் கூறுங்கள்" என்பதுதான் அவருடைய மந்திரம். கூறிவிட்டால் "வெரி குட்" என்பார். அந்த வெரி குட்டுக்காகப் பெரிய பெரிய ஆட்கள் வியர்த்து வழிந்ததுண்டு.

இனிமேல் இந்தக் கதையில் யாராவது செந்தமிழில் பேசினால் அவர் ஆங்கிலம் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விறைப்புக்கு வேறு உடுப்பு என் கைவசம் இல்லை.

"சென்ற ஞாயிற்றுக்கிழமையைத் தாங்கள் எவ்வாறு கழித்தீர்கள்?" என்று மணி மேடம் ஐஸ் அண்ணனைக் கேட்டார்.

ஐஸ் அண்ணன் எழுந்து நின்றார். "மூவர் வந்தனர்."

"வெரி குட். விருந்தினர். அவர்களுக்கு என்ன வழங்கினீர்கள்?"

ரொம்ப நேரம் யோசித்து, "குளியல்," என்றார்.

"விருந்தினருக்குக் குளியல் வழங்குவதில்லை. தேநீர் வழங்குகிறோம்."

"அவர்கள் அருந்துவதில்லை."

"நல்ல பழக்கம். முழு வாக்கியத்தில் கூறுங்கள்."

"என் விருந்தினர்கள் எதையும் அருந்துவதில்லை."

"வெரி குட்." வகுப்பு முழுவதும் அதை நோட்டில் எழுதிக்கொண்டது.

ஐஸ் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் டிரைவர். சந்து அண்ணன் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஊரில் அவர் நுழையாத சந்து கிடையாது. எந்த நேரத்தில் எந்த ரோட்டில் லாரி நிற்கும், எந்த வீட்டுக்காரர் இடைஞ்சலாகக் காரை நிறுத்தியிருப்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருடைய துரதிர்ஷ்டம், தேர்வில் அவருக்கு விழுந்த பாடம் 'வழி கேட்டல்'.

"தாங்கள் ஒரு புதிய நகரத்தில் இருக்கிறீர்கள். அருங்காட்சியகத்துக்கு வழி கேளுங்கள்," என்றார் இயக்குநர்.

சந்து அண்ணன் இயக்குநரை இரக்கத்தோடு பார்த்தார். "நான் எதுக்கு சார் கேக்கணும்? தபாலாபீஸ் பின்னால போனா ரெண்டே நிமிஷம். நீங்க போகணுமா?"

டிங்.

"வழி கேட்க மறுக்கிறார்," என்று இயக்குநர் மதிப்பெண் தாளில் எழுதினார். அந்த நேரம் பார்த்து சந்து அண்ணனின் போன் அலறியது. எங்கேயோ ஒரு விபத்து. மனுஷர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். "விடைபெறும் முறை அறியாதவர்," என்று இயக்குநர் இரண்டாவது வரியையும் எழுதினார். விபத்தில் அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார். சந்து அண்ணனின் வேலைதான் பிழைக்கவில்லை.

அவர் இடத்துக்கு ஒரு புது டிரைவர் வந்தார். வெளியூர்க்காரர். 'வழி கேட்டல்' பாடத்தில் மையத்தின் சரித்திரத்திலேயே அதிக மதிப்பெண் எடுத்தவர். மணி மேடமே தேர்ந்தெடுத்துப் பரிந்துரைத்த மாணவர். எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்றாலும் வண்டியை நிறுத்துவார், கண்ணாடியை இறக்குவார், "மன்னிக்கவும், தங்கள் நேரத்தில் சிறிது எனக்கு அளிக்க இயலுமா?" என்று தொடங்குவார். அவர் வந்த மாதத்திலிருந்து ஐஸ் அண்ணனுக்கு வேலை கூடிப்போனது. உங்கள் பிரிவுதான் வேகமாக வளர்கிறது என்று நிர்வாக அதிகாரி அவரைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

அடுத்து ஐஸ் அண்ணனின் முறை. தேர்வுக்கு முன்னால் கடைசிப் பயிற்சி, தன் வேலையைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுவது. ஐஸ் அண்ணன் மனைவியின் தையல் மெஷின் மேல் தாளை வைத்து, அகராதியைப் புரட்டிப் புரட்டி எழுதினார். நான் மருத்துவமனையில் பணிபுரிகிறேன். என் அறை குளிர்ச்சியானது. நான் காலையில் வருகிறேன். நான் தரையைக் கழுவுகிறேன். இந்த நான்கு வரையில் தகராறு இல்லை. ஐந்தாவது வாக்கியம்தான் நீண்டுபோனது: இறந்தவரின் கையை நான் ஒத்தடப் பையால் சூடாக்குகிறேன், ஏனெனில் அவர் மகள் அதைத் தொடுவாள்.

மணி மேடம் அந்த வாக்கியத்தில் நின்றுவிட்டார். "கையை எதற்கு?" என்றார்.

ஐஸ் அண்ணன் வார்த்தை கிடைக்காமல் தன் கையையே நீட்டி, இன்னொரு கையால் தொட்டு, வெடுக்கென்று இழுத்துக் காட்டினார். பிறகு மறுபடி தொட்டு, இழுக்காமல் பிடித்துக்கொண்டு காட்டினார். மணி மேடம் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நானாக இருந்தால் அந்த இடத்தில் கதையை நிறுத்தியிருப்பேன். அவருக்கோ பாடம் முடிக்க வேண்டியிருந்தது.

"ஒத்தடப் பை இடைநிலைச் சொற்பட்டியலில் இல்லை," என்றார். "தேர்வாளர் இதை நம்பவும் மாட்டார்." சிவப்புப் பேனாவால் அந்த வாக்கியத்தை நேர்கோடாக அடித்துவிட்டு, மேலே அழகான கையெழுத்தில் எழுதினார்: புதிய மனிதர்களைச் சந்திப்பதில் நான் மகிழ்ச்சி அடைகிறேன்.

ஐஸ் அண்ணன் அதை மனப்பாடம் செய்தார். தேர்விலும் அப்படியே ஒப்பித்தார்.

"அருமை. எத்தகைய மனிதர்கள்?" என்று கேட்டார் இயக்குநர்.

"மிகவும் அமைதியானவர்கள்."

"அவர்கள் தங்களிடம் மீண்டும் வருகிறார்களா?"

"யாரும் திரும்பி வந்ததில்லை."

"குறை இருந்தால்தானே திரும்பி வருவார்கள்!" இயக்குநர் கைகுலுக்கினார். ஐஸ் அண்ணன் பாஸ்.

சான்றிதழோடு வீட்டுக்கு வந்த அன்று அவர் மனைவி அதை மெஷினுக்கு மேலே ஆணியடித்து மாட்டினாள். "இனிமே இந்தச் செவுத்துல ஆணியடிக்க நமக்கு உரிமை இருக்கு," என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

ஆனால் நிரந்தர ஆணை வர ஒரு மாதம் சோதனைக்காலம் என்றார் அதிகாரி. பிணவறையை உலகத்தரத்துக்கு மாற்றினார்கள். கதவருகே ஒரு கேமரா, அதோடு பேச்சைப் பதிவுசெய்யும் மைக். மையம் எழுதிக்கொடுத்த உரையாடல் சுவரில் ஒட்டப்பட்டது: முதலில் குட் மார்னிங், பிறகு காத்திருந்ததற்கு நன்றி, பிறகு வந்தவரை முழு வாக்கியத்தில் பேசவைத்தல், பிறகு அடையாளம் காட்டல், கடைசியில் 'வேறு ஏதேனும் உதவி தேவையா?' கெட்டிலையும் ஒத்தடப் பையையும், பட்டியலில் இல்லாத பொருள்கள் என்று அப்புறப்படுத்தினார்கள். கெட்டில் அதிகாரியின் அறைக்குப் போனது. பையை ஐஸ் அண்ணன் சட்டைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வெளியே போகும் வழியில் ஒரு சின்ன இயந்திரம் வைத்தார்கள். அதில் பொம்மை முகங்கள். சேவை எப்படி இருந்தது என்று வாடிக்கையாளர் ஒரு முகத்தை அமுக்க வேண்டும். ஒரு முகம் இருந்த இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தது.

"அங்க என்ன சார் இருந்துச்சு?" என்று ஐஸ் அண்ணன் கேட்டார்.

"அழற மூஞ்சி. எடுத்துட்டோம். இங்க வச்சா எல்லாரும் அதையேதான் அமுக்குவாங்க. புள்ளிவிவரம் ஒருபக்கமா சாய்ஞ்சிடும்." அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். "இதோ பாருங்க, நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். மைக்ல ஒரு தமிழ் வார்த்தை விழுந்தாலும் என்னால உங்களைக் காப்பாத்த முடியாது. உலகத்தரக் குழு கேக்குது. அவங்களுக்குத் தமிழ் தெரியாது. அதனாலேயே தமிழ் கேட்டா உடனே கண்டுபிடிச்சிடுவாங்க."

முதல் வாரத்தில் வந்த ஒரு வயதானவர் தன் மனைவியின் கையைத் தொட்டுவிட்டு, சுட்டுக்கொண்டவர்போல உதறினார். ஐஸ் அண்ணன் சுவரைப் பார்த்து, "வேறு ஏதேனும் உதவி தேவையா?" என்றார். அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"அந்தப் பையை மட்டுமாவது கொண்டுபோகட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"கேமராவுல தெரியாதா?"

"தெரியும்."

"அப்போ நான் இந்த மெஷினைத் தூக்கிட்டு எந்தத் தெருவுல போய் உக்கார்றதுன்னும் சொல்லிட்டுக் கொண்டுபோங்க." அப்படிச் சொன்னவள் கொஞ்ச நேரம் கழித்து அவர் தட்டில் குழம்பு ஊற்றினாள். "இந்த மாசம் ஓடட்டும். ஆர்டர் கைக்கு வரட்டும். அப்புறம் உங்க இஷ்டம் போலப் பண்ணுங்க. செத்தவங்க எங்கயும் போயிட மாட்டாங்க."

மாதத்தின் கடைசி நாள். காலையில் புது டிரைவர் ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். வயதான அம்மாள். நெஞ்சுவலி. வழியிலேயே போய்விட்டார். டிரைவர் கேமராவைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். "நான் பலரிடம் வழி கேட்டேன். அனைவரும் மிகுந்த மரியாதையுடன் பதிலளித்தனர். எனினும் நாங்கள் தாமதமானோம்," என்றார். ஒரு பிழை இல்லை.

ஐஸ் அண்ணன் அந்த அம்மாளைக் கழுவி, தலை வாரி, உள்ளே வைத்தார். மதியத்துக்கு முன்பே மேலேயிருந்து போன் வந்தது. மகள் வருகிறாராம். அவர் கை தன்னால் கெட்டில் இருந்த இடத்துக்குப் போய் வெறுங்கையாகத் திரும்பியது. கதவைத் திறந்தார்.

மணி மேடம் நின்றிருந்தார். புடவை ஒரு பக்கம் இறங்கி, கண் வீங்கி, செருப்பு மாற்றிப் போட்டிருந்தார்.

"அண்ணே," என்றார். "எங்கம்மா."

ஐஸ் அண்ணனின் நாக்கு நுனியில் அந்தப் பழைய பேச்சு வந்து நின்றது. வாங்க, அவசரமே இல்ல. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீட்டில் ஆணியடித்த சுவர் ஞாபகம் வந்தது. இன்று ஒருநாள்தான். சாயங்காலம் ஆணை கைக்கு வந்துவிடும்.

"குட் மார்னிங்," என்றார். "காத்திருந்தமைக்கு நன்றி."

"அண்ணே, என்னைத் தெரியலையா? நான்தாண்ணே. அம்மாவைப் பாக்கணும்."

ஐஸ் அண்ணன் சுவரைப் பார்த்தார். அடுத்த வரி அங்கே இருந்தது. அதை எழுதிக்கொடுத்ததும் மணி மேடத்தின் கைதான். "தயவுசெய்து முழு வாக்கியத்தில் கூறுங்கள்."

"தமிழ்ல பேசுங்கண்ணே... இங்க யாருண்ணே இருக்கா?"

அவர் கண்ணால் கேமராவைக் காட்டினார். மணி மேடம் அண்ணாந்து பார்த்தார். அவருக்குப் புரிந்தது. விதியைப் போட்டவருக்குப் புரியாமல் இருக்குமா? உதட்டைக் கடித்து, மூக்கை உறிஞ்சி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என் தாயார் இன்று காலை இங்கே கொண்டுவரப்பட்டார். நான் அவரைக் காண விரும்புகிறேன்."

"வெரி குட்," என்றார் ஐஸ் அண்ணன். பழக்க தோஷம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அதற்குள் அது மைக்கில் ஏறிவிட்டது.

பெட்டியை இழுத்தார். மணி மேடம் முகத்தைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்க மாட்டார்கள். துணிக்கு வெளியே இருந்த வலது கையைத் தேடினார். தைரியமாகத்தான் தேடினார். இந்த அறையில் கைகள் சூடாக இருக்கும் என்று அவருக்கு மட்டும் தெரியும். ஒருவர் எழுதிக்கொடுத்து அவர் படித்திருக்கிறார். தொட்டார். மறுநொடி இழுத்துக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

"சூடாக்குவீங்களேண்ணே," என்றார். "நீங்கதானே எழுதிக் காட்டினீங்க? ஏண்ணே சூடாக்கலை?"

அந்த வரியை அடித்தது நீங்கள்தானே என்று அவர் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. அழ வேண்டும்போல இருந்தது. வாய் மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது.

"வேறு ஏதேனும் உதவி தேவையா?"

வெளியே போகும்போது இயந்திரம் வழிமறித்துக் கீச்சென்றது. முகத்தை அமுக்காமல் கதவு திறக்காது. மணி மேடம் கண்ணீரோடு தடவித் தடவி, மூடி போட்டிருந்த வெற்று இடத்தையே திரும்பத் திரும்ப அமுக்கினார். கடைசியில் விரல் வழுக்கிச் சிரிக்கிற முகத்தில் பட்டது. தேங்க் யூ என்றது இயந்திரம். கதவு திறந்தது.

ஐஸ் அண்ணன் கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்பக்கமாகத் தன் வீட்டுக்கு ஓடினார். அடுப்பில் வெந்நீர் வைத்தார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் காலைப் பிடித்தாவது தடுத்திருப்பாள். ஒத்தடப் பையோடு திரும்பி வந்தார். பெட்டியை இழுத்து, அந்த அம்மாளின் வலது கையில் பையை வைத்துச் சுற்றிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேமரா அங்கேயேதான் இருந்தது. மகள் நின்று கெஞ்சியபோது திறக்காத வாய், கேட்க யாருமே இல்லாதபோது திறந்துகொண்டது. அதற்கு அவரைத்தான் திட்டுவதா, வேறு யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உலகத்தரக் குழு உடனே கண்டுபிடித்துவிட்டது. என்ன பேசினார் என்று தெரியவில்லை, ஆனால் தமிழ்தான் என்றது. குற்றச்சாட்டு முழுமையாக இருக்க வேண்டுமானால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். பதிவை மையத்துக்கு அனுப்பினார்கள். மையத்தில் மொழிபெயர்க்கத் தெரிந்த ஒரே ஆள் துக்க விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்தார்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியும்மா," என்றார் இயக்குநர். "அதனாலதான் தனி ரூம் குடுக்கச் சொல்லியிருக்கேன். துக்கம் உங்க சொந்த விஷயம். மொழிபெயர்ப்பு நிறுவனத்தோட விஷயம். ஒண்ணோட ஒண்ணு கலந்தா ரெண்டுமே கெட்டுப்போயிடும்."

மணி மேடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஸ்டூல் இழுபடும் சத்தம். அப்புறம் அந்தக் குரல்.

"கொஞ்சம் பொறுங்கம்மா, இப்போ சூடாயிடும். உங்க பொண்ணு வந்துட்டுப் போயிட்டாங்க. தொட்டுப் பாத்துப் பயந்துட்டாங்க. அது உங்க தப்பில்லம்மா, நான்தான்... அவங்க நல்ல டீச்சரும்மா. பொறுமையா திருத்துவாங்க. இதோ, வந்துடுச்சு பாருங்க சூடு. இப்போ வந்திருந்தாங்கன்னா பிடிச்சுக்கிட்டே நின்னிருப்பாங்க."

அவர் அதை மறுபடி கேட்டார். மறுபடியும் கேட்டார். ஊழியர் ஏதோ முணுமுணுத்தார், தெளிவாக இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த எண்ணம் அவருக்கும் வந்தது. பேனாவை மூடி வைத்தார், எழுந்து ஜன்னலைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினார். அரைகுறையாக எதையும் செய்ய அந்தக் கைக்குத் தெரியாது. எல்லாமே முழு வாக்கியங்கள். நடுவில், எதனால் வந்த சூடு என்பதற்கு ஒத்தடப் பை என்று விளக்கம் சேர்க்க வேண்டியிருந்தது. அகராதியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சரியாக எழுதினார்.

இயக்குநர் சிவப்புப் பேனாவோடு வரிவரியாகத் தேடினார். ஒரு பிழைகூடக் கிடைக்கவில்லை. அடியில் 'வெரி குட்' என்று எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்த மாதம் சிரித்த முகம் அதிகம் வாங்கிய பிரிவு பிணவறைதான் என்பதால், வேலைநீக்க ஆணையில் நிர்வாக அதிகாரி ஒரு வரி பாராட்டும் சேர்த்திருந்தார்.

குவார்ட்டர்ஸைக் காலிசெய்யும் நாளில், சான்றிதழ் மாட்டிய ஆணியை மனைவியே பிடுங்கினாள். அவள் திட்டியிருந்தால் தேவலாம் என்று ஐஸ் அண்ணனுக்கு இருந்தது. சாமான் ஏற்ற யாரிடமோ வாடகை வண்டி கேட்டிருந்தார்கள், ஓட்டி வந்தவர் சந்து அண்ணன். வேலை போனதிலிருந்து அவர் அந்த வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். தையல் மெஷினைத் தூக்கிப் பின்னால் வைத்துக் கயிற்றால் கட்டினார். பாத்திர மூட்டையை ஏற்றினார். இருவரையும் முன்னால் உட்காரவைத்து, வண்டியைக் கிளப்பி, கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் நிறுத்தினார்.

ஊரில் எல்லாச் சந்தும் தெரிந்த மனுஷர், வாழ்க்கையில் முதல் தடவையாக வழி கேட்டார்.

"எங்கண்ணே போறது?"

ஐஸ் அண்ணனுக்கு இரண்டு மொழியிலும் பதில் தெரியவில்லை.